ஒன்பதாவது ஆள்

வேலை முடிந்து வந்ததும் மதுரைவீரனால் நேராகக் குளித்துவிட முடியாது. சிமெண்ட் படிந்த உடம்பில் தண்ணீரை ஊற்றினால் தோல் வெந்துவிடும். முதலில் துண்டால் தட்டவேண்டும். பிறகு தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைக்கவேண்டும். அப்புறம்தான் தண்ணீர். கல்யாணமான ஏழு வருஷமாக அவன் முதுகுக்கும் தோளுக்கும் எண்ணெய் தேய்ப்பது வெற்றிச்செல்விதான். மூட்டை ஏறும் வலது தோள் காய்த்துப்போய், நுகம் பட்ட மாட்டின் கழுத்துபோல இருக்கும். அந்த இடத்துக்கு வரும்போது அவள் கை தானாக மெதுவாகும்.

ரெட்டிபாளையம் ரோட்டில் இருந்த ஒரு குடோனில் அவன் லோடுமேன். மூட்டை ஐம்பது கிலோ, இருபது மூட்டை ஒரு டன். டன் கணக்கில்தான் கூலி. மேஸ்திரி ராசாங்கத்தின் கீழ் ஒரு செட்டாக வேலை செய்தார்கள். ஏற்றிய டன்னுக்குரிய கூலியைச் செட்டிலுள்ளவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மதுரைவீரன் பன்னிரண்டாவது வரை படித்தவன் என்பதால் லாரி நம்பரையும் டன்னையும் நோட்டில் எழுதுவது அவன் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் காண்டிராக்டர் ஆபீஸிலிருந்து அவரவர் பேங்க் கணக்கில் பணம் ஏறிவிடும்.

வெற்றிச்செல்வி அரியலூர் காலேஜில் கணக்குப் படித்தவள். வயது இருபத்தொன்பது. பேங்க் கிளார்க் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. மூன்றாவது தடவைக்குப் பெரம்பலூரில் கோச்சிங் கிளாஸில் சேர்த்துவிட்டதே மதுரைவீரன்தான். பன்னிரண்டாயிரம் ரூபாயை ஒரே தவணையில் கட்டினான். ஏதென்று கேட்டபோது சீட்டு எடுத்தேன் என்றான்.

அன்றைக்கு அவன் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நேத்து எத்தன டன்னு ஏத்துனீங்க?"

"எதுக்குக் கேக்குற?"

"புத்தகத்துல உள்ள கணக்கெல்லாம் போட்டு முடிச்சாச்சு. நம்ம வேலைய வச்சே ஒன்னு எழுதிப் பாக்கலாம்னுதான்."

அவன் கண்ணை மூடியிருந்தான். "நூத்திருவது."

"டன்னுக்கு?"

"எழுவத்திரெண்டு. கழுத்துக்கிட்ட நல்லாத் தேயி."

"ஆளுக்குத் தொள்ளாயிரத்தறுவதுதான வந்துச்சு?"

"ம்."

எண்ணெய்க் கையோடு அவள் மனசுக்குள்ளேயே வகுத்தாள். எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதைத் தொள்ளாயிரத்து அறுபதால் வகுத்தால் ஒன்பது. மீதியில்லை. கணக்கு அழகாக அமைந்துவிட்டதில் அவளுக்குச் சந்தோஷம். மறுநாள் அதை மலரக்காவிடம் போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மலர்க்கொடி இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவள் புருஷன் அழகேசனும் அதே செட்டில்தான் மூட்டை தூக்கினான். செல்வியும் மலரும் ஒரே நாளில் கோச்சிங்கில் சேர்ந்தவர்கள். ஒரே பஸ்ஸில் பெரம்பலூர் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் தவணை ஆறாயிரத்தைக் கட்டிய மலர்க்கொடியால் இரண்டாவதைக் கட்ட முடியவில்லை. அழகேசன் எத்தனை மூட்டை தூக்கினாலும் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போனது. ஒரு மாதத்தோடு நின்றுவிட்டாள். ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை. ஜெயங்கொண்டத்துக் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுத்தபடியே, செல்வி கொண்டுவரும் நோட்டைத் தையல் மிஷின்மேல் விரித்து வைத்துப் படித்தாள். அவளுக்கு வந்த வேகம் செல்விக்கு வராது. செல்விக்கே அது தெரியும்.

மலருக்கு ரொம்பப் பிடித்தது 'போதுமா போதாதா' கணக்கு. ஒரு கேள்வியும் அதற்குக் கீழே இரண்டு தகவலும் இருக்கும். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, சேர்ந்தாலும் போதாதா, அதைச் சொன்னால் மார்க். கூலிக் கணக்கு, ஆள் கணக்கு என்று இதில் நிறைய வரும். கிளாஸ் எடுக்கும் மகேஷ் சார், "விடை தேடிப் போனீங்கன்னா நேரம் போச்சு" என்று தினமும் சொல்வார். மலர்க்கொடி அந்தக் கிளாஸில் இல்லாமலே அதைச் செல்வியைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

"படிக்கட்டுமாக்கா?" என்றாள் செல்வி. "ஒரு பொம்பள ஒரு நாளைக்கு எத்தன பை தச்சா? ஒன்னு, பைக்கு நாலு ரூவா கூலி. ரெண்டு, வாரத்துல ஆறு நாளு வேல செஞ்சா."

மிஷின் நிற்கவில்லை. "ரெண்டும் சேந்தாலும் போதாது. வாரக் கூலி எவ்வளவுன்னு இல்லியே. அடுத்தது."

"இது நானே எழுதுனது. ஒரு குடோன்ல எத்தன ஆளு வேல செஞ்சாங்க? ஒன்னு, நூத்திருவது டன்னு, டன்னுக்கு எழுவத்திரெண்டு ரூவா. ரெண்டு, ஆளுக்குத் தொள்ளாயிரத்தறுவது கெடச்சுது."

"ரெண்டும் சேந்தாப் போதும். ஒம்போது பேரு." சொல்லிவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்தாள் மலர்க்கொடி. "இது நம்ம வூட்டு ஆம்பளைங்க குடோனாச்சே? அங்க எட்டுப் பேருதான். டன்னுக்கு அறுவத்திநாலு. மேஸ்திரி ஒவ்வொரு சனிக்கெழமையும் நிக்கவச்சுச் சொல்றாருன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லும்."

"எழுவத்திரெண்டுன்னுதான் இவரு சொன்னாரு."

மலர்க்கொடி சாக்பீஸால் நைட்டித் துணியிலேயே போட்டுப் பார்த்தாள். "பாரேன், அறுவத்திநாலு போட்டு எட்டால வகுத்தாலும் அதே தொள்ளாயிரத்தறுவதுதான் வருது. வீரன் தம்பி தூக்கக் கலக்கத்துல ஒளறியிருக்கும். போ." சிரித்துவிட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தாள்.

செல்வியும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. தூக்கக் கலக்கத்தில் உளறிய எண் இப்படி மீதியில்லாமல் போகுமா?

சாயங்காலம் அவனிடம் கேட்டாள். "செட்டுல எத்தன பேருங்க?"

"எட்டு."

"அப்ப டன்னுக்கு எழுவத்திரெண்டுன்னீங்க?"

எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி அவனே தோளில் தேய்த்துக்கொண்டான். "அறுவத்திநாலுன்னுதான் சொன்னேன். ஒங் காதுல எப்படி வுழுந்துச்சோ."

ஏழு வருஷத்தில் அவனாக எண்ணெய் தேய்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள், பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை. பரீட்சை அடுத்த வாரம் சனிக்கிழமை, திருச்சியில். சாதிச் சான்றிதழ் தேடி இரும்புப் பெட்டியைக் குடைந்தபோது அடியில் அவள் தம்பி அறிவழகனின் பேங்க் பாஸ்புக் கிடைத்தது. அவனும் முன்பு அந்தச் செட்டில் மூட்டை தூக்கியவன்தான். இடுப்புப் பிடித்துக்கொண்டதால் போன வருஷம் ஆனியில் விட்டுவிட்டுத் திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தான். பாஸ்புக்குக்குள் மடித்த ஏ.டி.எம். சீட்டு ஒன்று இருந்தது. தேதி பதிமூன்று, ஒன்பதாம் மாதம். போன சனிக்கிழமை. எடுத்த இடம் அரியலூர். தம்பி பொங்கலுக்கு வந்ததோடு சரி, இந்தப் பக்கமே வரவில்லை.

வெற்றிச்செல்வி அரியலூருக்குப் பஸ் ஏறினாள். புரட்டாசி பிறந்தும் வெயில் குறையவில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் முன்னால் போக, ஜன்னல் வழியே வெள்ளைப் புழுதி மடியில் வந்து உட்கார்ந்தது. பேங்கில் பாஸ்புக் அடிக்கும் மிஷினுக்குள் அதைச் செருகினாள். மிஷின் அடித்தது, பக்கம் திருப்பச் சொன்னது, மறுபடி அடித்தது. அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவர், "எவ்வளவு நாளாம்மா அடிக்காம வச்சிருந்த?" என்று அலுத்துக்கொண்டார்.

சுவரோரமாக நின்று படித்தாள். பதினாலு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பணம் ஏறியிருந்தது. 5,760. 5,184. 5,520. 5,760. ஏறிய அன்றைக்கே முழுதும் எடுக்கப்பட்டிருந்தது. மதுரைவீரனின் கூலி எந்த வாரம் எவ்வளவு என்பது அவளுக்கு மனப்பாடம். மழையில் இரண்டு நாள் லோடு ஏறாத வாரம் உட்பட, இரண்டுக்கும் ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. இல்லாத ஆள் ஒருவன் பதினாலு மாதமாக அவள் புருஷன் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியிருக்கிறான்.

ஓரிடத்தில் மட்டும் பணம் மூன்று வாரம் சேர்ந்து நின்று, பிறகு பன்னிரண்டாயிரம் ஒரே வரியில் போயிருந்தது. பக்கத்தில் கோச்சிங் சென்டரின் பெயர்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது.

"ஒன் ஏ.டி.எம். கார்டு எங்கடா?"

"மச்சாங்கிட்டதான் இருக்கு. ஏன்க்கா?"

"எதுக்குக் குடுத்த?"

"பேரு லிஸ்ட்ல இருக்கட்டும்டான்னாரு. மாசம் ஆயிரம் எனக்குப் போட்டு வுட்டாரு. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்? ஒம் படிப்புக்குத்தான்னு சொன்னாரே."

"அழகேசன் அண்ணன்தானடா ஒனக்கு இடுப்புப் புடிச்சப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாரு?"

"அக்கா, சூப்பர்வைசர் வராரு. அப்புறம் பேசுறேன்." வைத்துவிட்டான்.

சாயங்காலம் மதுரைவீரன் வந்து சட்டையைக் கழற்றும்போது பாஸ்புக்கை அவன் எதிரில் வைத்தாள். அவன் அதை எடுக்கவில்லை. சிமெண்ட் பூசிய முகத்தில் கண் இரண்டும்தான் அசைந்தன.

"காண்டிராக்டருக்குத் தெரியுமா?"

"அவருக்கு டன்னு கணக்குதான். ஆளு எண்ண மாட்டாரு. மேஸ்திரி குடுக்குற லிஸ்ட்டுக்குப் பிரிச்சுப் போட்டுருவாரு. அறிவு போனப்ப பேர எடுக்க வேண்டாம்னு சொன்னதே மேஸ்திரிதான்."

"எட்டா வகுத்திருந்தா ஆளுக்கு ஆயிரத்தெம்பது. ரேட்ட அறுவத்திநாலுன்னு கொறச்சுச் சொல்லி, ஒரு நாளைக்கு நூத்திருவது ரூவா ஒவ்வொருத்தங்கிட்டயிருந்தும் எடுத்திருக்கீங்க."

"எங்கிட்டயிருந்தும்தான் எடுத்தான். நான் ஒத்துக்கலன்னா முழுசும் அவனே தின்னுருப்பான். ஒன்னு செட்ட வுட்டுப் போ, இல்ல பாதிய வாங்கிக்கன்னான். அப்ப நீ ரெண்டாந் தடவையும் போச்சுன்னு சோறு திங்காம கெடந்த." கழற்றிய சட்டையைத் தரையில் எறிந்தான். "நான் குடிச்சனா? கண்ட எடத்துக்குப் போனனா? ஒரு ரூவா எனக்குன்னு எடுத்திருப்பனா?"

"மலரக்கா கிளாஸ வுட்டு நின்னுச்சே. எதுக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியும் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் கீழே உட்கார்ந்து அவள் காலருகில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பரீட்ச முடியட்டும் செல்வி. ஒம்போது நாளுதான். இப்பச் சொன்னா நீயும் எழுத மாட்ட, மலரும் எழுதாது. ரெண்டு வூடும் நாசமாப் போவும். முடிஞ்சதும் நானே அழகேசன் அண்ணங்கிட்டச் சொல்லிடுறேன்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தரவில்லை. ஆனால் பாஸ்புக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மலரக்காவும் பரீட்சை எழுத வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை.

அந்த ஒன்பது நாளும் மலர்க்கொடி நைட்டி தைப்பதை நிறுத்திவிட்டுச் செல்வி வீட்டிலேயே வந்து உட்கார்ந்து படித்தாள். செல்விக்குப் புத்தியில் எதுவும் ஏறவில்லை. எளிய கணக்கில்கூடத் தப்புப் போட்டாள். "பயப்படாத செல்வி. ஒன்னால முடியலன்னா யாரால முடியும்?" என்று மலர்க்கொடி அவள் தலையில் கைவைத்து மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கையின் சூடு செல்விக்குத் தாங்கவில்லை. இரண்டு தடவை சொல்லிவிட வாயெடுத்தாள். ஒரு தடவை அழகேசன் உள்ளே வந்துவிட்டான். இன்னொரு தடவை யாரும் வரவில்லை. அவளே நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை திருச்சி பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் போனார்கள். மலர்க்கொடி புளிச்சோறும் கருவேப்பிலைத் துவையலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பரீட்சை முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சாப்பிட்டார்கள். "எனக்கு எழுவதுக்கு மேல வரும்டி," என்றாள் மலர்க்கொடி. சந்தோஷம் வந்தால்தான் 'டி' போடுவாள். செல்வியால் ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. தலைவலி என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரைவீரன் அழகேசன் வீட்டுக்குப் போகவில்லை. சட்டை போடுவான், கழற்றுவான், கதவடிக்குப் போவான், திரும்புவான். பதினொரு மணிவரை பார்த்துவிட்டு வெற்றிச்செல்வி பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு தானே போனாள்.

மலர்க்கொடி அடுப்படியில் இருந்தாள். அழகேசனுக்குப் புரிய நேரம் பிடித்தது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். "இது அறிவு பேருல்ல? அவந்தான் வேலைக்கி வரலியே?" என்று இரண்டு தடவை கேட்டான். மலர்க்கொடி வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கினாள். பத்து நிமிஷம் வரிவரியாகப் படித்தாள். பன்னிரண்டாயிரம் இருந்த வரியில் விரலை வைத்து, அங்கேயே வைத்திருந்தாள்.

"ஆளுக்கு நாப்பதாயிரத்துக்கு மேல ஆவுது," என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை குடோனில் எந்த லாரிக்கும் மூட்டை ஏறவில்லை. ஆறு பேரும் அழகேசனோடு ராசாங்கத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ராசாங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகத்தான் பேசினான்.

"எம் பேரு எங்கப்பா இருக்கு? நோட்டு எழுதுனவன் இவன். கார்டு இவன் மச்சான் கார்டு. பணம் எடுத்தவன் இவன். ஒம்போது பேருன்னு இவன் எழுதிக் குடுத்தான், நான் கைநாட்டு மாதிரி கையெழுத்துப் போட்டேன். என்னையும்ல ஏமாத்தியிருக்கான்?"

"மேஸ்திரி! சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை பாதிய ஒங் கையில எண்ணிக் குடுத்தனே!" மதுரைவீரன் கத்தினான்.

"யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. அழகேசன் நெருங்கி வந்தான். பெரிய கை அவனுக்கு. ஒரே ஒரு அறை. மதுரைவீரன் அடுக்கியிருந்த மூட்டைமேல் சாய்ந்து, எழுந்து, கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான். "என் தோள்ல ஏத்தி வுட்டவனே நீதானடா," என்றான் அழகேசன். குடோனில் ஒருவர் தோளில் இன்னொருவர்தான் மூட்டையை ஏற்றிவிட வேண்டும். பதினாலு மாதமாக அழகேசனுக்கு ஏற்றிவிட்டது மதுரைவீரன்தான்.

காண்டிராக்டர் போனிலேயே முடித்துவிட்டார். செட்டுக்குள்ள நடந்தது செட்டோட விவகாரம், லாரி நிக்கக் கூடாது என்றார். அறிவழகன் பேரை அடித்தார்கள். மதுரைவீரன் பேரையும் அடித்தார்கள். ராசாங்கம் மேஸ்திரியாகவே இருந்தான். டன்னுக்கு எழுபத்திரண்டு என்று அன்றைக்குத்தான் வாய்திறந்து சொன்னான். செவ்வாய்க்கிழமை மதுரைவீரன் பெரம்பலூருக்குப் போய் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். அங்கேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

செல்வி தன் தோட்டை அரியலூரில் அடகு வைத்துப் பன்னிரண்டாயிரம் வாங்கி வைத்திருந்தாள். எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தபோது, புதன்கிழமை சாயங்காலம் மலர்க்கொடியே வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள். கையில் பாஸ்புக்.

"ஆம்பளைங்க பாத்து முடிச்சுட்டாங்க. ஒந் தம்பிதுதான, வச்சிக்க."

செல்வி பணத்தை எடுத்து நீட்டினாள். மலர்க்கொடி அதைப் பார்க்கவே இல்லை.

"ஒன்னு கேக்கணும் செல்வி. இத என்னைக்கு அடிச்ச?"

மலர்க்கொடி கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"கடைசி வரி பதிமூணாந்தேதி. இருவதாந்தேதியும் எங்க ஆளுக்குக் கூலி ஏறுச்சு. அப்ப இதுலயும் ஏறியிருக்கணும். ஏறல. இருவத்தேழுக்கும் ஏறல. அப்ப நீ இருவதாந்தேதிக்கு முன்னாடியே அடிச்சுட்ட."

"பதினெட்டாந்தேதிக்கா."

மலர்க்கொடி தலையாட்டினாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. அதுதான் செல்விக்குப் பயமாக இருந்தது.

"நீ பரீட்ச எழுதணும்னுதாங்க்கா சொல்லல. சத்தியமா. ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவன்னு..."

"நான் எழுதணும்னா? நீ எழுதணும்னா?"

செல்விக்கு அதற்கு விடை தெரியவில்லை. தேடிப் பார்த்தாள். உண்மையாகவே தெரியவில்லை.

"ஒம் புருசன் எனக்கு யாரு? எங்க வூட்டுக்காரருகூட வேல செஞ்ச ஆளு. அவன் செஞ்சத நான் எப்பிடியாவது செரிச்சுக்குவேன்," என்றாள் மலர்க்கொடி. "நீ ஒம்போது நாளு எம் பக்கத்துல ஒக்காந்துகிட்டு, எங்கிட்டயே கணக்குக் கத்துக்கிட்டு இருந்த. பஸ் ஸ்டாண்டுல நான் கட்டியாந்த சோத்த வாங்கித் தின்ன."

"அக்கா..."

"பணத்த உள்ள வையி. காத்து அடிக்குது."

பாஸ்புக்கைப் படிக்கட்டில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்த வாசலை விட்டு இறங்கும்போது ஒரு நாளும் "வரேன்" என்று சொல்லாமல் அவள் போனதில்லை. அடுத்த நிமிஷமே திரும்பி வருவதாக இருந்தாலும் சொல்லுவாள்.

"போறேன்," என்றாள்.